தேங்காய் கொடுத்த உத்தரவு

ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. காரை நிறுத்தி என்ஜினை அணைத்தேன்.

வெயில் ஏறிக்கொண்டிருந்த முற்பகல். செம்மண் சாலை. நார்த்தாமலையிலிருந்து ஐந்து மைல் வந்திருப்பேன். ஒரு பள்ளம் விடாமல் ஒதுங்கி, ஒரு கல் விடாமல் விலகி, முட்டையை மடியில் கட்டிக்கொண்டு நடப்பவனைப்போல் ஓட்டி வந்திருந்தேன். பின்னால் உட்கார்ந்திருப்பது ராணியம்மா அல்லவா.

என்ஜின் நின்றதும் ஓர் அமைதி வந்தது. அந்த அமைதி சரியில்லை.

வழக்கமாகக் கார் நின்றால் முதுகுக்குப் பின்னால் ஏதாவது சத்தம் இருக்கும். வளையல் குலுங்கும். வெற்றிலைப் பெட்டியின் மூடி திறக்கும். கூட வரும் பாக்கியத்தக்கா தொண்டையைச் செருமுவாள். அன்று ஒன்றும் இல்லை. ஊதுவத்தி வாசனை மட்டும் லேசாக வந்தது.

“அக்கா, கேட்டு அடைச்சிருக்கு. கண்ணாடிய எறக்கிக்கிறீங்களா?” என்று சாலையைப் பார்த்தபடியே கேட்டேன்.

பதில் இல்லை. இருமிப் பார்த்தேன். அதற்கும் இல்லை.

திரும்பிப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பார்க்கக் கூடாது. ஏன் கூடாது என்று சொன்னால்தான் இந்த வாரம் எழுதப்போவது விளங்கும்.

லாரியிலிருந்து அரண்மனைக்கு

கண்டிச் சீமையில் தேயிலை லாரி ஓட்டியதையும், குளிர்காய்ச்சலோடு கப்பலேறியதையும் போன வாரம் எழுதியிருந்தேன். “மீன் பெட்டி கழுவியவன் எப்படி ஐயா அரண்மனைக்குள் போனீர்?” என்று மணப்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

கோட்டைப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்த எனக்கு நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதன் பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கொழும்பிலிருந்து திரும்பியபோது என்னிடம் இருந்தவை ஒரு வேட்டி, ஒரு கம்பளி, லாரி ஓட்டத் தெரிந்த இரண்டு கைகள். புதுக்கோட்டைச் சந்தைப்பேட்டையில் மாட்டு வண்டிகளுக்கு அடியில் பத்து நாள் படுத்திருந்தேன். மழை பெய்தால் வண்டிக்காரர்களும் அடியில் வந்துவிடுவார்கள். அப்போது கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும். மற்றபடி குறையில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராணியம்மாவின் டிரைவர் காரைக் கொண்டுபோய்ப் புளியமரத்தில் விட்டார். நல்ல வேளை, காரில் யாரும் இல்லை. அவருக்குப் பார்வை மங்கிப்போய் வெகு நாளாயிற்றாம். ராணியம்மா காருக்குப் பார்வை மங்கியவர்தான் பொருத்தம் என்று தெரிந்தேதான் வைத்திருந்தார்களாம். புளியமரம் சொன்ன பிறகுதான் யோசித்திருக்கிறார்கள்.

ராஜா இருந்த அரண்மனை வேறு. ராணியம்மா இருந்த பெரிய வீடு, அதாவது வளவு, வேறு. எந்த ராணி, எந்த வளவு என்று கடிதம் போடாதீர்கள், சொல்லமாட்டேன். அந்த வளவை நிர்வாகம் செய்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். தலையில் சரிகை உருமால், மேலே அல்பாகாக் கம்பளிக் கோட்டு. வேர்த்துக்கொண்டே இருப்பார், கோட்டைக் கழற்றமாட்டார்.

“ஏம்ப்பா, பின்னாடி திரும்பித் திரும்பிப் பாக்குற பழக்கம் உண்டா ஒனக்கு?”

“இல்லைங்கய்யா. நான் ஓட்டுனதெல்லாம் லாரி. பின்னாடி தேயிலை மூட்டைதான் இருக்கும். அதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. வேலை கிடைத்தது. அன்றிலிருந்து வளவில் எனக்குக் கொளும்பான் என்று பெயர்.

வளவுக்குள்ளே

அங்கே முப்பது பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஒருத்திக்கு வேலை வெந்நீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்ப்பது. இன்னொருத்தி ராணியம்மா தலை உலர்த்தும்போது சாம்பிராணிக் கூடையைப் பிடிப்பாள். மற்ற நேரம் முழுவதும் தூங்குவாள். அவளை எழுப்புவதற்கென்று தனியாக ஆள் இல்லை என்பது மட்டும்தான் குறை.

எனக்கு மூன்று வேளையும் நேரத்துக்குச் சோறு கிடைத்தது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பின்னாலும் ரொம்ப நாள் நடக்கவில்லை.

ஆண்கள் நாங்கள் வெளிக்கட்டோடு சரி. ராணியம்மா கோஷா. வெளி ஆண் எவனும் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது, குரலைக் கேட்கக் கூடாது. அவர்கள் வாசலுக்கு வரும் முன்பு பெண்கள் கை தட்டுவார்கள். கை தட்டினால் ஆண்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். கார் கிளம்பிப் போகும் வரை திரும்பக் கூடாது.

வாசற்படியிலிருந்து கார் கதவு வரை நாலு பெண்கள் சிவப்புத் துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அந்தத் திரைக்குள் நடந்து வந்து ராணியம்மா ஏறுவார்கள். கார் கண்ணாடிகளுக்கெல்லாம் உள்பக்கம் திரை. டிரைவருக்குப் பின்னால் மரப்பலகைத் தடுப்பு, அதன் மேலும் திரை. முன்னால் மேலே இருக்குமே, பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடி, அதைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள் மட்டும் என்னைப் பார்த்தபடி இருக்கும்.

அப்படியானால் ராணியம்மா ஏறியாயிற்று என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? ராணியம்மாவோடு பின்னால் உட்காரும் பாக்கியத்தக்கா மோதிர விரலால் பலகையில் தட்டுவாள். டக், டக். இரண்டு தட்டு. உடனே எடுக்க வேண்டும். தட்டிய பிறகு தாமதித்தாலும் தப்பு, தட்டாமல் எடுத்தாலும் தப்பு.

ஒரு வாயும் ஒரு ஆளும்

பாக்கியத்தக்கா பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. நடந்தால் சத்தமே கேட்காது. தஞ்சாவூர்ப் பக்கம் ராணியம்மா பிறந்த வீட்டிலிருந்து, கல்யாணச் சீரோடு கூட வந்தவள். கூட வந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகச் செத்தோ, அனுப்பப்பட்டோ போய்விட்டார்கள். ராணியம்மாவுக்குத் தன் ஆள் என்று மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

ராணியம்மா ஆண்களிடம் பேசக்கூடாது அல்லவா. அவர்கள் சொல்ல நினைப்பதைப் பாக்கியத்தக்காதான் வந்து சொல்வாள். சமையலுக்குச் சொல்வதாக இருந்தாலும், மேனேஜருக்குச் சொல்வதாக இருந்தாலும் அவள் வாய்தான். கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். ராணியம்மா கோபமாகச் சொன்னால் கோபமாகவே சொல்வாள். மேனேஜருக்கு அது பிடிக்காது. ஒரு வேலைக்காரி தன் முகத்துக்கு நேரே நின்று, “அத நீங்க நேத்தே செஞ்சிருக்கணும்னு சொல்றாக” என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்?

அவளை அனுப்பிவிட்டுத் தனக்கு வேண்டிய ஒருத்தியை அந்த இடத்தில் வைக்க அவர் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். வளவில் எல்லாருக்கும் அது தெரியும். அப்படி நடந்துவிட்டால், அதற்குப் பிறகு ராணியம்மா என்ன சொன்னாலும் வெளியே வருவது மேனேஜர் விரும்புகிற பேச்சாகத்தான் இருக்கும்.

“அக்கா, நீங்க கொஞ்சம் நயமாச் சொல்லலாமுல்ல?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“நயமாச் சொன்னா அது ஏம் பேச்சாயிரும், தம்பி. அவுக பேச்சா இருக்காது” என்றாள்.

குரங்குக்குப் பயந்து

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராணியம்மா நார்த்தாமலை மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். திரைக்காரப் பெண்கள் நாலு பேரும் விடியுமுன்பே கூண்டு வண்டியில் கிளம்பி முன்னால் போய்விடுவார்கள். பின்னால் நாங்கள் காரில். காருக்குக் காவலாகச் சேவகர் மலையப்பன் சைக்கிளில் வருவார். காருக்குக் காவலாகச் சைக்கிள். அதுவும் முறைதான்.

அன்று கோயிலுக்குப் பக்கத்தில், மலையடிவாரச் சரிவில் காரை நிறுத்தியிருந்தேன். மூக்கு கீழ்நோக்கி இருந்தது. உள்ளே கை தட்டும் சத்தம் கேட்டது. மலையப்பண்ணன் மதில் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே நின்ற பூசாரி வீட்டு ஆண்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வண்டிக்காரர் எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தேன்.

கார்க் கதவு திறந்தது. சாத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, டக். இன்னும் கொஞ்சம் கழித்து, டக்.

எடுத்துவிட்டேன்.

நடந்தது என்னவென்று பின்னால்தான் தெரிந்தது. கோயில் மரியாதையாகக் கொடுத்த தட்டில் மாலையும் எலுமிச்சம்பழமும் இரண்டு முழுத் தேங்காயும் இருந்தன. திரைக்காரப் பெண்கள் நாலு பேருக்கும் கை காலியில்லை. கை தட்டியான பிறகும் ராணியம்மா சந்நிதியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குள் தட்டை வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று பாக்கியத்தக்கா வந்து, அதைப் பின்சீட்டில் வைத்தாள். கோயிலைச் சுற்றிக் குரங்கு. கதவைத் திறந்து விட்டால் மாலையைக்கூட விடாது. அதனால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

சரிவில் நின்ற காரில் தேங்காய் ஒன்று உருண்டு வந்து பலகையில் இடித்தது. அதன் பின்னாலேயே இரண்டாவதும் வந்து இடித்தது. உத்தரவு கிடைத்துவிட்டது.

சுவரைப் பார்த்து நின்றவர்

கார் போகும் சத்தம் கேட்டுப் பாக்கியத்தக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். ராணியம்மா முன்னால் யாரும் கூச்சல் போடக்கூடாது. அதனால் கை தட்டினாள். இங்கேதான் மோசம் வந்தது. கை தட்டினால் என்ன அர்த்தம்? திரும்பாதே என்று அர்த்தம். அவள் தட்டத் தட்ட, நின்ற ஆண்கள் எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

அடுத்து நடந்ததை மலையப்பண்ணன் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

“அண்ணே, காரு போகுதுண்ணே! ராணியம்மா இங்கதான் இருக்காக!” என்று பாக்கியத்தக்கா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து சொன்னாள்.

“இங்கன்னா எங்கிட்டு?”

“ஒங்களுக்குப் பின்னாடி. சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிக் கார நிறுத்துங்க.”

“சைக்கிளும் பின்னாடிதான ஆத்தா இருக்கு? நான் எப்படித் திரும்புறது?”

“கண்ண மூடிக்கிட்டுத் திரும்புங்களேன்!”

“கண்ண மூடிக்கிட்டுச் சைக்கிளு ஓட்டுறதுக்கு நான் என்ன சர்க்கஸ்காரனா?”

பாக்கியத்தக்கா தானே சைக்கிளைத் தள்ளிவந்து அவர் கையில் கொடுக்கலாம் என்று பார்த்தாள். அவர் முன்னால் மதில்சுவர். எந்தப் பக்கம் ஏறுவது? அப்படியே நின்றார். நான் திரும்பிப் போகும் வரை நின்றார். மதிலில் எத்தனை கல், எந்தக் கல்லில் என்ன கறை என்று சாகும் வரைக்கும் சொல்வார்.

உள்ளே என்ன இருக்கிறது?

இப்போது கேட்டுக்கு வருகிறேன்.

கேட்காரர் காரைப் பார்த்ததுமே முதுகைக் காட்டி நின்றுவிட்டார். குடிசை வாசலில் அவர் சம்சாரம் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பார்க்கலாம். நான் அவளைக் கூப்பிட்டேன்.

“அம்மா, ஒரு ஒத்தாசை. பின்கதவுத் திரைய வெலக்கி உள்ள பாருங்க. ராணியம்மாவுக்கு மயக்கம் கியக்கமோ என்னமோ, சத்தத்தையே காணோம்.”

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, பயந்து பயந்து வந்தாள். கும்பிட்டுவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

“என்னம்மா?”

“இங்க தேங்காதான் இருக்கு” என்றாள்.

கேட்காரர் திரும்பாமலே, “என்னடி சொல்ற?” என்றார்.

“ஒரு மாலையும் ரெண்டு தேங்காயும் இருக்குய்யா. வேற ஆரும் இல்ல.”

ரயில் வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. காரைத் திருப்பினேன். வரும்போது விலகி விலகி வந்த அத்தனை பள்ளத்திலும் விழுந்து எழுந்து போனேன்.

மலைமேல் ஒரு சிரிப்பு

கோயில் வாசலில் திரைக்காரப் பெண்கள் சிவப்புத் துணியைப் பிடித்தபடியே நின்றிருந்தார்கள். சுவரோரம் ஆண்களின் முதுகுகள். நான் இறங்கி, காரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

எனக்குப் பின்னால் பாறை மேலே, உயரத்தில், யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அடக்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அல்ல. மூச்சு வாங்க ஏறி, மேலே நின்று சிரிக்கிற சிரிப்பு. யாராக இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திரைக்குள் ஆள் இருப்பதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. ஈரப்பாசியும் காட்டுத் துளசியும் கலந்த வாசனை வந்தது. டக், டக். இந்தத் தடவை நான் எடுக்கவில்லை.

“அக்கா, நீங்கதானே?”

“நாந்தான். எடு” என்றாள் பாக்கியத்தக்கா.

வளவுக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் தாமதம். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். மலையப்பண்ணனுக்கு ஒரு பொய்யும் சொல்லத் தெரியாது. நாளைக் காலையில் விசாரணை என்று உத்தரவானது.

அன்று சாயங்காலம் கார்க் கொட்டகைக்குப் பாக்கியத்தக்கா வந்தாள். நான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

“தட்டுனது கேட்டுச்சுன்னு சொல்லு, தம்பி. உள்ளதச் சொல்லு. ஒன்மேல தப்பில்ல.”

“அப்பிடிச் சொன்னா ஒங்கள அனுப்பிருவாரு.”

“ஆமா.”

“எங்க போவீங்க?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அவளுக்கு என்று ஒருவரும் மிஞ்சவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவள் அழுதது அதற்காக இல்லை.

“நான் எங்கயாச்சும் பாத்திரம் தேச்சுப் பொழைச்சுக்குவேன். அவுகளுக்குத்தான் வாய் இல்லாமப் போயிரும்” என்றாள்.

எனக்கு இதில் யோசிக்க அதிகம் இல்லை. வேலை போவது எனக்குப் பழகிய காரியம். ஒரு கம்பளியைச் சுருட்ட எவ்வளவு நேரமாகும்? தட்டாமலே எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

தட்டிக்கு அந்தப் பக்கம்

விசாரணை வெளிக்கட்டுக் கூடத்தில் நடந்தது. கூடத்தின் ஒரு பக்கம் மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் ராணியம்மா. இந்தப் பக்கம் மேனேஜர் நாற்காலியில். நான், மலையப்பண்ணன், பாக்கியத்தக்கா, திரைக்காரப் பெண்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம்.

“தட்டுற சத்தம் கேட்டுச்சா?” என்றார் மேனேஜர்.

“கேக்கலைங்கய்யா. அவசரத்துல நானாத்தான் எடுத்துட்டேன்.”

“பொய் சொல்றான்யா!” என்றாள் பாக்கியத்தக்கா. “ரெண்டு தேங்காயும் பலகையில இடிச்சிருக்கு. பலகையில நாரு ஒட்டியிருக்கு, பாத்துக்கங்க.”

அவளை அடித்துவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. காப்பாற்ற வந்தவனைத் தள்ளிவிட்டுத் தானாகக் கிணற்றில் குதிக்கிறாளே.

மேனேஜர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, “தேங்காய அங்க வச்சது ஆரு?” என்றார்.

“நான்தான்.”

“கதவச் சாத்துனது?”

“நான்தான். கொரங்குக்காக.”

“மகாராணியத் தனியா விட்டுட்டு?”

“ஆமா.”

அவ்வளவுதான். அவர் எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது. பாக்கியத்தை ஊருக்கு அனுப்ப வேண்டியது, டிரைவரையும் நீக்க வேண்டியது என்றார்.

ஆனால் வளவில் ஒரு முறை உண்டு. யாரை நீக்கினாலும் ராணியம்மாவின் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்டு வருவது பாக்கியத்தக்காவின் வேலை. தானே குற்றவாளியாக நிற்கும்போது அவள் எப்படிப் போவாள்? மேனேஜர் திரைக்காரப் பெண்களில் ஒருத்தியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் புருஷன் மேனேஜர் வீட்டில் வேலை பார்ப்பவன்.

அவள் தட்டிக்குப் பின்னால் போனாள். போன வேகத்தில் வந்தாள்.

“மகாராணிக்குச் சம்மதந்தானாம்” என்றாள்.

பாக்கியத்தக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் எழுந்தார்.

“நான் அப்பிடிச் சொல்லலியே.”

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது அந்தக் குரல். கொஞ்சம் கட்டைக் குரல். நடுங்கவில்லை.

யாரும் கை தட்டவில்லை. ஆனாலும் மலையப்பண்ணன் படக்கென்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். நானும் திரும்பினேன். ஓரக்கண்ணால் பார்த்தால், மேனேஜரும் உருமாலும் கோட்டுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். விசாரித்தவரும் விசாரிக்கப்பட்டவர்களும் ஒரே சுவரில்.

“வெறும் வண்டியப் போகச் சொன்னது நான்” என்றது குரல். “எனக்கு மலைமேல ஏறிப் பாக்கணும்னு இருந்துச்சு. ஆம்பளைக யாரும் இல்லாம ஏறணும். அதுக்காக அனுப்புனேன். பாக்கியம் நான் சொன்னதச் செஞ்சா. டிரைவரு அவ சொன்னதச் செஞ்சாரு. இதுல விசாரிக்க என்ன இருக்கு?”

மேனேஜர் சுவரைப் பார்த்தபடி, “மகாராணி... முன்கூட்டி ஒரு வார்த்தை...” என்றார்.

“இனிமேலும் அனுப்புவேன்.”

சுவரில் அவர் மூச்சு படும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு ராணியைப் பார்த்து, நீங்கள் சொல்வது பொய் என்று எந்த மேனேஜர் சொல்ல முடியும்?

பிறகு அந்தக் குரல் தாழ்ந்தது. அது எங்களுக்கான பேச்சு இல்லை. அப்படியும் கேட்டது.

“பாக்கியம், நான் பேசி முடிச்சுட்டேன்னு அவுகள்ட்டச் சொல்லு.”

பாக்கியத்தக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேனேஜரின் முதுகுக்கு நேரே வந்து நின்றாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

“பேசி முடிச்சுட்டாக” என்றாள்.

அதற்கு அடுத்த வெள்ளி

ராணியம்மா பொய் சொன்னதாக ஆகக்கூடாது அல்லவா. ஆகவே வளவின் நடைமுறைப் புத்தகத்தில் மேனேஜரே தன் கையால் ஒரு விதியைச் சேர்த்தார். நார்த்தாமலை தரிசனம் முடிந்ததும் கார் வெறுமையாகப் புறப்பட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்ப வேண்டியது. அந்த நேரத்தில் ஆண்கள் யாவரும் கோயில் எல்லைக்கு வெளியே போய்விட வேண்டியது. அடுத்த மாதம் முதல் அப்படியே நடந்தது. மலையப்பண்ணனுக்கு அதில் பெரிய நிம்மதி. சுவரைப் பார்க்கும் வேலை குறைந்தது என்பார்.

அந்த வளவில் மேற்கொண்டு பதினோரு மாதம் இருந்தேன். எனக்கு அது அதிகம். பிறகு கால் அரித்தது. யுத்தம் வரப்போகிறது, மதறாஸில் டிரைவர்களுக்கு ஏக கிராக்கி என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன். என் இடத்துக்கு வந்தவன் அறந்தாங்கிப் பையன், விவரமானவன். அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து, ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னேன்.

ஆளில்லாத காரை மலையடியிலிருந்து எடுத்து ஒரு மைல் வந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

“ஏண்ணே, காலி வண்டிய எதுக்கு இப்படி ஓட்டுறோம்?”

“அதான் இந்த வளவு முறை” என்றேன். “எந்தக் காலத்துலருந்தோ நடக்குது. மெதுவாப் போ. சீக்கிரம் திரும்பிரக் கூடாது.”